ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் தோற்ற ஜான் பிரவுன் சிறைக்குள் போய் எப்படி ஜெயித்தார்?

நூலகப்பூனை கேட்டது:

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கே திரும்பினாலும் ஜான் பிரவுன் பேர் வந்து நிற்கிறது. எனக்குப் புரிந்த அளவில் கதை இதுதான். 1859 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை இரவு, 59 வயது மனிதர் ஒருவர் 18 பேரைக் கூட்டிக்கொண்டு வர்ஜீனியாவில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்கிற சின்ன ஊருக்குள் புகுந்து, அங்கிருந்த மத்திய அரசின் ஆயுதக் கிடங்கைப் பிடிக்கிறார். சுற்றுவட்டார அடிமைகள் திரண்டு வந்து சேர்ந்துகொள்வார்கள், எல்லோருமாக மலைக்குள் போய்விடலாம் என்பது திட்டம். அப்படி யாரும் திரண்டு வரவில்லை. ஊர்க்காரர்களும் உள்ளூர்ப் படைகளும் வளைத்துக்கொள்கிறார்கள், செவ்வாய்க்கிழமை காலை கடற்படை வீரர்கள் வந்து, அவர் பதுங்கியிருந்த தீயணைப்புக் கொட்டகையின் கதவை உடைத்து ஆளைப் பிடிக்கிறார்கள். மொத்தமே ஒன்றரை நாள். 45 நாளில் தூக்கு.

சரி, இப்படி மொத்தமாகச் சொதப்பிய ஒரு காரியம் எப்படி உள்நாட்டுப் போருக்கே திரி கொளுத்தியது என்று பேசப்படுகிறது? அடிமைக் கிளர்ச்சிகள் அதற்கு முன்னாலும் நடந்திருக்கின்றன, நாட் டர்னர் 1831-ல் அதே வர்ஜீனியாவில் செய்தது இதைவிடப் பெரியது. இவருக்கு மட்டும் ஏன் பாட்டு, சிலை, ஓவியம் எல்லாம்? வெள்ளைக்காரர் என்பதாலா? அப்புறம் கான்சாஸில் இவர் ஆட்கள் 5 பேரை வெட்டிக் கொன்றதாகவும் படித்தேன். இவரைத் தியாகி என்று சொல்லலாமா, அல்லது மனநிலை சரியில்லாதவர் என்று சொல்கிறார்களே, அதுதான் உண்மையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தறிக்காரன் எழுதியது:

ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியை ஓரமாக வைத்துவிட்டு, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் சார்லஸ்டவுன் ஜெயிலைப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. அந்தத் தாக்குதலோடு ஆள் செத்திருந்தால் இன்றைக்கு நாம் இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். செத்திருக்கவும் வேண்டியவர்தான். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போன லெப்டினன்ட் இஸ்ரேல் கிரீன் அவசரத்தில் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது அணிவகுப்புக்கு வைத்திருக்கும் மெல்லிய வாள். குத்தியதில் அது வளைந்துபோனது. பிடியால் தலையில் அடித்துத்தான் சாய்த்தார். போர் வாளாக இருந்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும்.

அதுவரைக்கும் பிரவுனுடைய வாழ்க்கையை எடுத்துப் பார்த்தால் தொட்டது எதுவும் துலங்காத மனுஷன். தோல் பதனிடும் தொழில், நிலம் வாங்கி விற்பது, ஆடு வளர்ப்பு எல்லாம் செய்து 1842-ல் திவாலானார். பிறகு கம்பளி வியாபாரத்தில் இறங்கி, அமெரிக்க ஆலைக்காரர்கள் விலையை அடிக்கிறார்கள் என்று கோபப்பட்டு 1849-ல் சரக்கை இங்கிலாந்துக்கே கொண்டுபோய் அங்கே இன்னும் கேவலமான விலைக்கு விற்றுவிட்டுத் திரும்பினார். இரண்டு மனைவிகளுக்குமாக 20 பிள்ளைகள், அதில் பாதிப் பேர் சிறு வயதிலேயே போய்ச் சேர்ந்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சிறையிலிருந்து நவம்பர் 10 அன்று மனைவி மேரிக்கு எழுதின கடிதத்தில் வியாபாரி பாஷையில்தான் பேசுகிறார்: நன்றாக அடி வாங்கிவிட்டேன், ஆனால் இந்தப் பேரிழப்பில் போன மூலதனத்தையெல்லாம் கழுத்தில் கயிறோடு சில நிமிஷம் தொங்கினாலே மீட்டுவிடுவேன். இரண்டு நாள் கழித்துத் தம்பிக்கு எழுதும்போது, வேறு எதற்கும் பயன்படுவதைவிடத் தூக்கில் தொங்குவதற்குத்தான் எனக்கு மதிப்பு அதிகம் என்கிறார். கணக்குப் போட்டுத்தான் தொங்கியிருக்கிறார் மனுஷன்.

அந்தக் கணக்கு பலித்ததற்கு வர்ஜீனியாவே பாதிக் காரணம். பிடிபட்ட அன்றைக்கே, தலையிலும் உடம்பிலும் காயத்தோடு தரையில் கிடந்தவரைச் சுற்றி கவர்னர் ஹென்றி வைஸ், செனட்டர் மேசன், ஒஹையோ எம்.பி. வல்லாண்டிகம், ராணுவ அதிகாரிகள், கூடவே பத்திரிகை நிருபர்கள் என்று ஒரு கூட்டமே நின்று மணிக்கணக்கில் கேள்வி கேட்டது. பணம் கொடுத்தது யார், அனுப்பியது யார் என்று துருவினார்கள். யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன் என்றார். கூட்டாளிகள் பேரைச் சொல்லவில்லை. அது அப்படியே நியூயார்க் பத்திரிகையில் வந்தது. கவர்னர் வேறு ரிச்மண்டுக்குத் திரும்பிப் போய், அந்த ஆள் பைத்தியமில்லை, தெளிவான தலை, துணிச்சல்காரர் என்று மேடையில் பேசினார். எதிரியே இப்படிச் சான்றிதழ் கொடுத்தால் வேறென்ன வேண்டும்.

பிடித்த ஒரு வாரத்தில் விசாரணை. காயம் ஆறாததால் நீதிமன்றத்துக்குள் ஒரு கட்டிலைப் போட்டு அதில் படுக்க வைத்தார்கள், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடியபடிதான் பாதி வழக்கைக் கேட்டார். வர்ஜீனியா மாநிலத்துக்கு எதிரான துரோகம், கொலை, அடிமைகளைக் கலகத்துக்குத் தூண்டியது என்று மூன்று குற்றச்சாட்டுகள். அக்டோபர் 31 அன்று ஜூரி 45 நிமிஷத்தில் முடிவு சொல்லிவிட்டது. நவம்பர் 2-ல் தண்டனைக்கு முன்னால் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது எழுந்து நின்று பேசினாரே, அதுதான் அடிமைமுறை இல்லாத வட மாநிலங்கள் முழுக்க அச்சாகிப் பரவியது. இதே காரியத்தைப் பணக்காரர்களுக்காகவோ அதிகாரத்தில் இருப்பவர்களுக்காகவோ செய்திருந்தால் இந்த நீதிமன்றத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் எனக்குப் பரிசு கொடுக்க வேண்டும் என்றுதானே சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டார். நீதியின் பொருட்டு என் ரத்தத்தை என் பிள்ளைகளின் ரத்தத்தோடும், இந்த அடிமை நாட்டில் உரிமை பறிக்கப்பட்ட லட்சக்கணக்கானவர்களின் ரத்தத்தோடும் கலக்க வேண்டுமென்றால் கலக்கட்டும் என்றார்.

தீர்ப்புக்கும் தூக்குக்கும் நடுவில் ஒரு மாதம் இருக்க வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். அடிமை முதலாளிகளுக்கு அந்த ஒரு மாதம்தான் வினையாக வந்து சேர்ந்தது. சிறைக் காவலர் ஜான் ஏவிஸ், அவரே அந்தத் தாக்குதலை எதிர்த்துச் சண்டை போட்டவர்தான், ஆனாலும் பிரவுனை மரியாதையாக நடத்தினார். காகிதம், பேனா, பார்வையாளர்கள், எதற்கும் தடையில்லை. உட்கார்ந்து கடிதமாக எழுதித் தள்ளினார். அதை வாங்கினவர்கள் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். தந்தி வந்திருந்த காலம், ரயில் பாதை பக்கத்திலேயே ஓடுகிறது, ஆகவே சார்லஸ்டவுனில் அவர் எழுதியதும் சொன்னதும் சில நாளில் பாஸ்டனில் காலைச் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிடும். 1831-ல் நாட் டர்னருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. வெள்ளைக்காரர் என்பதும் காரணம்தான், அதை மறுக்க முடியாது. கருப்பர் ஒருவருக்கு அந்தச் சிறையில் அந்த மேஜையும் பேனாவும் கிடைத்திருக்குமா என்ன.

பைத்தியம் என்ற கேள்விக்கு: அவர் வக்கீல்கள்தான் முதலில் அந்த வழியைப் பார்த்தார்கள். குடும்பத்தில் சிலருக்கு மனநோய் இருந்தது என்று ஒஹையோவிலிருந்து தந்தி வந்தது, பிறகு உறவினர், ஊர்க்காரர்களின் வாக்குமூலங்களைச் சேர்த்து கவர்னருக்கும் அனுப்பினார்கள். பிரவுன் கட்டிலில் படுத்தபடியே, இது மட்டமான தந்திரம், எனக்கு வேண்டாம் என்று நீதிமன்றத்திலேயே மறுத்துவிட்டார். சிறையிலிருந்து தப்பிக்க வைக்கிறோம் என்று வந்த யோசனைகளையும் வேண்டாம் என்றார். தப்பித்தால் போட்ட கணக்கு என்னாவது?

டிசம்பர் 1 சாயங்காலம் மேரி வந்து பார்த்தார். சேர்ந்து சாப்பிட்டார்கள். இரவு தங்க அனுமதி கேட்டதற்கு ராணுவ அதிகாரி முடியாது என்றதும்தான் அத்தனை நாளில் ஒரே ஒரு தரம் பிரவுனுக்குக் கோபம் வெளியே வந்தது. மறுநாள் காலை தன் சவப்பெட்டி மேலேயே உட்கார்ந்து வண்டியில் போனார். போகும் வழியில், இது அழகான பூமி, இதுவரை சரியாகப் பார்க்க வாய்க்கவில்லை என்று சொன்னாராம். முகமூடி போட்டு, கழுத்தில் கயிறும் மாட்டிய பிறகு, படைகள் வரிசையில் வந்து நிற்பதற்காகப் பத்து நிமிஷம் அப்படியே நிற்க வைத்தார்கள். நின்றார்.

அடிமைக் குழந்தையைத் தூக்குமேடைக்குப் போகும் வழியில் குனிந்து முத்தமிட்டார் என்று ஒரு கதையும் ஓவியமும் உண்டு. அது நடக்கவில்லை. பொதுமக்களையே கிட்டே விடவில்லை, சுற்றிலும் ஆயிரத்துக்கு மேல் சிப்பாய்கள்தான். அடிமைமுறையை ஆதரிக்கிற பாதிரியார் யாரும் எனக்காக ஜெபிக்க வேண்டாம், அதைவிட வெறுங்காலோடு நிற்கும் அடிமைக் குழந்தைகளும் தலை நரைத்த ஓர் அடிமைத் தாயும் கூட வந்தால் போதும் என்று கடிதத்தில் எழுதியிருந்தார். அந்த ஆசைக்கு யாரோ கைகால் முளைக்க வைத்துவிட்டார்கள்.

கொல்லிமலையான் எழுதியது:

மேலே எழுதியிருப்பதில் தப்பு எதுவும் இல்லை, ஆனால் அந்தச் சிறைக்கு வந்த எல்லாக் கடிதமும் பூங்கொத்து அல்ல. ஒன்றைச் சொல்கிறேன்.

1856 மே 24 இரவு, அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு கட்சியாக அடித்துக்கொண்டிருந்த கான்சாஸில் பொட்டவாட்டமி ஓடைக் கரையில் இருந்த குடிசைகளுக்குப் பிரவுனும் அவர் மகன்கள் நால்வரும் இன்னும் சில ஆட்களும் போனார்கள். ஜேம்ஸ் டாய்ல் என்பவர் வீட்டுக் கதவைத் தட்டி அவரையும் அவருடைய இரண்டு பெரிய பையன்களையும் வெளியே இழுத்தார்கள். மூன்றாவது பையனுக்கு 16 வயது. தாய் மஹாலா அழுது கெஞ்சியதால் அவனை மட்டும் விட்டார்கள். மற்ற மூவரையும் கொஞ்ச தூரம் நடத்திப் போய் அகலமான வாள்களால் வெட்டினார்கள். அன்றைக்கே இன்னும் இரண்டு பேர். இவர்கள் அடிமைமுறை ஆதரவுக் கட்சி ஆட்கள், அதில் சந்தேகமில்லை. அதற்கு மூன்று நாள் முன்னால் அடிமைமுறை எதிர்ப்பாளர்களின் லாரன்ஸ் ஊரை அந்தக் கட்சி சூறையாடியது, மறுநாள் அடிமைமுறையை எதிர்த்த செனட்டர் சம்னரை நாடாளுமன்றத்துக்குள்ளேயே தடியால் அடித்துச் சாய்த்தார்கள், எல்லாம் சரி. ஆனால் இந்த 5 பேர் அதையெல்லாம் செய்தவர்கள் அல்ல.

மூன்றரை வருஷம் கழித்து, பிரவுன் சார்லஸ்டவுன் ஜெயிலில் இருக்கும்போது மஹாலா டாய்ல் டென்னஸியிலிருந்து அவருக்கு எழுதினார். பழிவாங்குவது என் வேலையில்லை, ஆனாலும் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் உன் மகன்கள் இருவர் செத்து நீ பிடிபட்டாய் என்று கேட்டபோது மனசுக்கு நிறைவாக இருந்தது, கான்சாஸில் நான் பட்டது என்னவென்று இனி உனக்குத் தெரியும் என்கிறார். எங்கள் அடிமைகளை விடுவிக்கத்தான் கொன்றேன் என்று நீ சொல்லவும் முடியாது, எங்களிடம் ஒரு அடிமைகூடக் கிடையாது, வாங்கும் எண்ணமும் இருந்ததில்லை என்கிறார். உன்னிடம் கெஞ்சிக் காப்பாற்றிய பையன் ஜான் இப்போது வளர்ந்துவிட்டான், கவர்னர் அனுமதித்தால் உன் கழுத்தில் கயிற்றைச் சரிசெய்ய அவன் வரத் தயாராக இருக்கிறான் என்றும் எழுதியிருந்தார்.

இன்னொன்று. அந்தக் கொலைகளில் தன் பங்கு என்ன என்று பிரவுன் கடைசி வரை வெளிப்படையாக ஒத்துக்கொள்ளவில்லை. கூடப் போன டவுன்ஸ்லி என்பவர் 1879-ல் வாக்குமூலம் கொடுத்த பிறகுதான் விஷயம் மறுக்க முடியாமல் போனது. அதாவது 1859-ல் பிரவுனைத் தூக்கிலிட்ட அன்று தேவாலய மணி அடித்து அழுத வடநாட்டுக்காரர்களில் நிறையப் பேருக்கு அவர் கையில் அந்த ரத்தம் இருந்தது தெரியாது, அல்லது நம்பவில்லை. தியாகிப் பட்டம் கொடுத்தது பாதிக் கதையைக் கேட்டுத்தான்.

நீதிமன்றப் பேச்சையும் மேலே சிலாகித்திருந்தீர்கள். அடிமைகளைக் கிளர்ச்சி செய்யத் தூண்டும் எண்ணமே இல்லை, அமைதியாக அவர்களைக் கனடாவுக்குக் கூட்டிப்போகத்தான் நினைத்தேன் என்று அதில் சொல்கிறார். அப்படியானால் வாடகைக்கு எடுத்த கென்னடி பண்ணை வீட்டில் 900-க்கு மேற்பட்ட ஈட்டிகள் எதற்கு? பிறகு அவரே அரசு வழக்கறிஞருக்கு எழுதி, திடீரென்று பேசச் சொன்னதில் குழப்பிப் பேசிவிட்டேன் என்று திருத்தினார். அந்தத் திருத்தத்தை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

மழைக்காகிதம் எழுதியது:

இரண்டு பேருமே பிரவுனைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். கூடப் போனவர்களில் 5 பேர் கருப்பர்கள். அவர்களைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது, அதனால் என் பங்குக்குக் கொஞ்சம்.

டேஞ்சர்ஃபீல்ட் நியூபி. அப்பா வெள்ளைக்காரர், அம்மா அடிமை. அப்பா ஒஹையோவுக்குக் கூட்டிப்போனதால் இவருக்கு விடுதலை கிடைத்தது. மனைவி ஹாரியட்டும் பிள்ளைகளும் வர்ஜீனியாவில் இன்னொருவருக்குச் சொந்தம். சம்பாதித்த பணத்தைச் சேர்த்து அவர்களை விலைக்கு வாங்கப் பார்த்தார், சொந்தக்காரன் விலையை ஏற்றிவிட்டான். 1859-ல் ஹாரியட் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. கைக்குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது என்று எழுதுகிறார். எஜமானுக்குப் பணமுடை, சீக்கிரம் வந்து என்னை வாங்கிவிடு, நீ வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்று எழுதுகிறார். உன்னை இனிப் பார்க்கவே முடியாது என்று நினைத்தால் இந்த உலகத்தில் எனக்கு ஒன்றுமே இல்லை என்று எழுதுகிறார். நியூபி ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்குப் போனது இதற்காகத்தான். தாக்குதல் நடத்தியவர்களில் முதலில் சுடப்பட்டு விழுந்தவரும் அவர்தான். சடலத்தின் காதுகளை ஊர்க்காரர்கள் நினைவுப்பொருளாக அறுத்துக்கொண்டு போனார்கள். ஹாரியட்டை லூசியானாவுக்கு விற்றுவிட்டார்கள்.

ஷீல்ட்ஸ் கிரீன் தென் கரோலினாவிலிருந்து தப்பி வந்தவர். 1859 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் சேம்பர்ஸ்பர்க் பக்கத்தில் ஒரு பழைய கல்குவாரியில் பிரவுன் ரகசியமாக ஃபிரெடரிக் டக்ளஸை, அடிமையாக இருந்து தப்பி அடிமை ஒழிப்புக்காகப் பேசியும் எழுதியும் வந்தவரை, சந்தித்துத் திட்டத்தைச் சொன்னார். நீங்கள் போவது எஃகுப் பொறிக்குள், உயிரோடு திரும்ப மாட்டீர்கள் என்று டக்ளஸ் மறுத்துவிட்டார். கூட வந்திருந்த கிரீனைப் பார்த்து நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டதற்கு, நான் கிழவரோடு போகிறேன் என்று ஒரே வரியில் பதில் சொன்னார். பிரவுனையாவது வரலாறு தூக்கி வைத்துக்கொண்டது. கிரீனுக்கு ஒரு கல்லறைகூட இல்லை.

ஏன் இல்லை என்றால், கிரீனையும் ஜான் கோப்லண்டையும் டிசம்பர் 16 அன்று தூக்கில் போட்ட பிறகு வின்செஸ்டர் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் உடல்களை அறுத்துப் படிக்கத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கோப்லண்டின் பெற்றோர் ஓபர்லினில் இருந்தார்கள். அவர்களுக்காக அங்கிருந்து ஒரு பேராசிரியர் வின்செஸ்டர் வரை போய்க் கேட்டும் வெறுங்கையோடுதான் திரும்பினார். பிரவுனின் மகன் வாட்சனின் உடலும் அந்தக் கல்லூரியில்தான் காட்சிப்பொருளாக இருந்தது. போரில் வடக்குப் படை வின்செஸ்டருக்குள் நுழைந்தபோது கல்லூரியைக் கொளுத்திவிட்டார்கள். வாட்சனை 1882-ல்தான் குடும்பத்தார் அடக்கம் செய்ய முடிந்தது.

இவர்கள் வழக்கில் ஒரு விசித்திரம் நடந்தது. பிரவுன் மேல் இருந்த துரோகக் குற்றச்சாட்டை கிரீன் மேலும் கோப்லண்ட் மேலும் போட முடியவில்லை. இரண்டு வருஷம் முன்னால் ட்ரெட் ஸ்காட் தீர்ப்பில், கருப்பர்கள் இந்த நாட்டுக் குடிமக்களே அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடிமகனாக இல்லாதவன் எப்படி நாட்டுக்குத் துரோகம் செய்ய முடியும் என்று அவர்களுடைய வக்கீல் எழுந்து கேட்டார். அந்தக் குற்றச்சாட்டைக் கைவிட வேண்டி வந்தது. கொலைக் குற்றச்சாட்டில் எப்படியும் தூக்குத்தான், ஆனாலும் அடிமைச் சட்டத்தை எடுத்து அடிமைச் சட்டத்தின் முகத்திலேயே வீசின அந்த வக்கீலை எனக்குப் பிடிக்கும்.

ஆற்றங்கரையில் சுடப்பட்டு இறந்த லூயிஸ் லியரியின் மனைவி மேரி பிறகு மறுமணம் செய்துகொண்டார். அவருடைய பேரன்தான் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ். ஐந்து பேரில் தப்பியவர் ஆஸ்போர்ன் ஆண்டர்சன் ஒருவர்தான். உள்ளே இருந்து பார்த்ததை 1861-ல் சின்னப் புத்தகமாக எழுதினார். அடிமைகள் யாரும் சேரவில்லை என்பதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வந்தவர்கள் உற்சாகமாகத்தான் வந்தார்கள் என்கிறார்.

நூலகப்பூனை எழுதியது:

நியூபி விஷயம் இதுவரை எங்கேயும் கண்ணில் படவில்லை, ரொம்ப நன்றி. மஹாலா டாய்ல் கடிதத்தையும் தேடிப் படிக்கப்போகிறேன். இப்போது இன்னொரு சந்தேகம். சரி, வடக்கே கண்ணீர் விட்டார்கள். ஆனால் கண்ணீர் வேறு, போர் வேறு அல்லவா? லிங்கன் இவரை ஆதரித்தாரா? பிரவுனைப் பற்றித் தோரோ பேசியதாகவும் ஒரு இடத்தில் படித்தேன், காந்தி படித்த அதே தோரோவா?

தறிக்காரன் எழுதியது:

அதே தோரோதான். வரி கட்ட மறுத்து 1846-ல் ஒரு ராத்திரி ஜெயிலில் இருந்துவிட்டு ஒத்துழையாமை பற்றி எழுதினாரே, அவரேதான் தீர்ப்பு வருவதற்கு முந்தின நாள், 1859 அக்டோபர் 30 அன்று, கான்கார்டில் ஊரைக் கூட்டி ஆயுதம் தூக்கிய பிரவுனுக்காகப் பேசினார். இந்தியாவில் தோரோவின் ஒரு பக்கம்தான் வந்து சேர்ந்திருக்கிறது. இந்தியா என்றதும் ஞாபகம் வருகிறது, ஜோதிராவ் புலே 1873-ல் வெளியிட்ட தன் நூலை, அடிமைகளை விடுவிக்கத் தங்களையே கொடுத்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். நம் பக்கத்து ஆட்கள் இதையெல்லாம் அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள்.

லிங்கன் ஆதரிக்கவில்லை. தூக்கு நடந்த அந்த வாரம் கான்சாஸில் இருந்தார், அடிமைமுறை தவறு என்று பிரவுன் நினைத்தது நம் கருத்துதான், ஆனால் அது வன்முறைக்கும் துரோகத்துக்கும் சாக்கு ஆகாது என்று பேசினார். 1860 பிப்ரவரியில் நியூயார்க் கூப்பர் யூனியனில், ஜான் பிரவுன் எங்கள் கட்சிக்காரர் அல்ல என்று கையைக் கழுவினார். தேர்தலில் நிற்கப் போகிறவர், வேறு என்ன பேசுவார். வடக்கே எல்லோரும் அழுதார்கள் என்பதும் சரியில்லை. அதே டிசம்பரில் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் வியாபாரிகள் பெரிய கூட்டம் போட்டு, தெற்கோடு எங்களுக்குச் சண்டையில்லை, பிரவுன் செய்தது அக்கிரமம் என்று தீர்மானம் போட்டார்கள்.

காரியத்தை நடத்தியது வடக்கின் கண்ணீர் இல்லை, தெற்கின் பயம். தெற்குக்காரர்களுக்கு வியாபாரிகள் கூட்டம் கண்ணில் படவில்லை. மணி அடித்ததும், தூக்குமரத்தைச் சிலுவைக்குச் சமமாக்குவார் பிரவுன் என்று எழுத்தாளர் எமர்சன் பேசியதும்தான் பட்டது. எட்மண்ட் ரஃபின் என்று ஒரு கிழ அடிமை முதலாளி, தூக்கைப் பார்க்கவே வந்து வர்ஜீனியா ராணுவக் கல்லூரிப் பையன்களோடு வரிசையில் நின்றவர், பிடிபட்ட ஈட்டிகளை வாங்கித் தென் மாநில கவர்னர்களுக்கு அனுப்பிவைத்தார். வடக்கத்தியான் நமக்காகச் செய்து வைத்திருப்பதைப் பாருங்கள் என்பது சேதி. ஊருக்கு ஊர் காவல் படைகள் முளைத்தன. அடுத்த வருஷம் லிங்கன் ஜெயித்ததும் தென் கரோலினா பிரிந்துபோனது. பிரவுன் இல்லாவிட்டாலும் போர் வந்திருக்கும் என்று வாதாடலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் 1861-லேயே வந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

தூக்கன்று அங்கே நின்றவர்களைப் பாருங்கள். ராணுவக் கல்லூரி மாணவர்களோடு வந்த பேராசிரியர் தாமஸ் ஜாக்சன், ரிச்மண்ட் படையோடு ஒட்டிக்கொண்டு வந்த நடிகர் ஜான் வில்க்ஸ் பூத். அதற்கு முன்னால் பிரவுனைப் பிடித்த கர்னல் ராபர்ட் லீ, சரணடையச் சொல்லிக் கதவடியில் நின்ற ஸ்டூவர்ட், கேள்வி கேட்ட கவர்னர் வைஸ், இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துரோகி என்று பிரவுனைத் தூக்கிலிட்ட இந்தக் கூட்டத்தில் லீ, ஜாக்சன், ஸ்டூவர்ட், வைஸ் நாலு பேருமே இரண்டு வருஷத்துக்குள் அமெரிக்க அரசுக்கு எதிராகப் படை நடத்தினார்கள். பூத் 1865-ல் லிங்கனைச் சுட்டுக் கொன்றது உங்களுக்கே தெரியும்.

பாட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1861-ல் பாஸ்டன் துறைமுகத்தில் வாரன் கோட்டையில் இருந்த சிப்பாய்கள் தங்கள் படையிலேயே ஜான் பிரவுன் என்று பேர் கொண்ட ஒரு சார்ஜண்டைக் கேலி செய்யக் கட்டியது அது. ஜான் பிரவுன் உடல் மண்ணில் மக்குகிறது, அவர் ஆன்மா நடைபோடுகிறது என்று பாடப் பாட கேலி போய் நிஜமான பிரவுனே வந்து உட்கார்ந்துகொண்டார். பட்டாலியன் பட்டாலியனாகப் பாடிக்கொண்டே தெற்குக்குப் போனார்கள். அதே மெட்டுக்கு ஜூலியா வார்டு ஹோ மரியாதையான வரிகள் போட்டார். அவர் கணவர் பிரவுனுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்த 6 பேரில் ஒருவர்.

லிங்கன் கதைக்கு ஒரு வால் இருக்கிறது. 1864 ஆகஸ்டில், தேர்தலில் தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் இருந்தபோது, லிங்கன் டக்ளஸை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். தெற்கே உள்ளே போய் அடிமைகளிடம் சேதி சொல்லி எல்லை தாண்டிக் கூட்டிவர ஒரு கருப்பர் படையை அமைக்க முடியுமா என்று கேட்டார். இது கிட்டத்தட்ட ஜான் பிரவுன் முதலில் போட்ட திட்டமேதான் என்று டக்ளஸ் பிற்பாடு எழுதினார். அதற்குள் ஒரு லட்சத்துக்கு மேல் கருப்பர்கள் சீருடை போட்டு அரசாங்கத் துப்பாக்கியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்து வருஷம் முன்னால் அதைச் செய்யப் பார்த்ததற்குத்தான் கயிறு.

மழைக்காகிதம் எழுதியது:

டக்ளஸ் 1881 மே 30 அன்று ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்கே போய், கருப்பர் பிள்ளைகளுக்காக அங்கே நடந்த ஸ்டோரர் கல்லூரியில் பேசினார். நான் அடிமைக்காக வாழ முடிந்தது, அவரால் அடிமைக்காகச் சாக முடிந்தது என்று சொன்னது அங்கேதான். மேடையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் ஆண்ட்ரூ ஹண்டர், 1859-ல் பிரவுனுக்குத் தூக்கு வாங்கிக் கொடுத்த அரசு வழக்கறிஞர். பேச்சு முடிந்ததும் டக்ளஸுக்குக் கை கொடுத்தார்.

1906 ஆகஸ்டில் கருப்பர் உரிமைக்காகப் போராடிய அறிஞர் டு பாய்ஸ் தலைமையில் நயாகரா இயக்கத்தார் அதே கல்லூரியில் கூடினார்கள். ஒரு நாள் விடியற்காலையில் பிரவுன் பிடிபட்ட அந்தத் தீயணைப்புக் கொட்டகைக்கு ஊர்வலமாகப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார்கள். கோயிலுக்குப் போகிற மாதிரிதான். அந்தக் கொட்டகை படாத பாடு பட்டது, 1890-களில் சிகாகோ பொருட்காட்சிக்குப் பிரித்து எடுத்துப் போய், கூட்டம் வராமல், திரும்பக் கொண்டுவந்து ஒரு பண்ணையில் வைத்து, பிறகு கல்லூரி வளாகத்துக்கு மாற்றி, 1968-ல்தான் பழைய இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள்.

கல் வைப்பதிலும் சண்டை. அந்த ராத்திரி பிரவுன் ஆட்கள் சுட்டதில் முதலில் செத்தவர் ஹேவர்ட் ஷெப்பர்ட், ரயில் நிலையத்தில் வேலை பார்த்த சுதந்திரக் கருப்பர். கொல்லிமலையான் இவரைச் சொல்லியிருக்கலாம். 1931-ல் தென்மாநில வாரிசுப் பெண்கள் சங்கம் ஷெப்பர்டுக்கு ஒரு நினைவுக்கல் வைத்தது. விசுவாசமான கருப்பர்களுக்கு எடுத்துக்காட்டு என்ற தொனியில் அதில் எழுதியிருந்தார்கள். பதிலுக்கு டு பாய்ஸ் ஒரு பலகை எழுதிக்கொண்டு வந்தார், ஸ்டோரர் கல்லூரி அதை வைக்க மறுத்துவிட்டது. 2006-ல்தான் அந்தப் பலகைக்கு அங்கே இடம் கிடைத்தது.

கொல்லிமலையான் எழுதியது:

ஷெப்பர்டை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அவர் சாவை அந்தக் கல் வைத்தவர்கள் பயன்படுத்திய விதம் எனக்கே பிடிக்காது.

சிறையில் அவர் நடந்துகொண்ட விதத்தை நான் மறுக்கவில்லை. தூக்குக்குப் போகும் அன்று காலை கொடுத்த சீட்டில், இந்தக் குற்றவாளி தேசத்தின் பாவங்கள் ரத்தம் இல்லாமல் கழுவப்படாது என்று எழுதினார், அதுவும் அப்படியே நடந்தது. அடிமைகளை வைத்திருந்த ஒருவரும் தானாக விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்கள் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஓடைக்கரையில் அந்த ராத்திரி ஒரு அடிமையும் விடுதலை ஆகவில்லை. அதற்குப் பதிலாக 1858 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். மிசூரிக்குள் புகுந்து 11 அடிமைகளை விடுவித்து, குளிர்காலத்தில் ஆயிரம் மைலுக்கு மேல் கூட்டிப்போய்க் கனடாவில் சேர்த்தார், வழியில் ஒரு குழந்தையும் பிறந்தது. பிரவுன் பேரைச் சொல்லி யாராவது சிலை வைப்பதாக இருந்தால் அந்தப் பயணத்துக்கு வைக்கட்டும், நானும் பணம் தருகிறேன்.

தறிக்காரன் எழுதியது:

அந்தப் பயணத்திலும் பிரவுனின் ஆள் ஒரு அடிமை முதலாளியைச் சுட்டுக் கொன்றார். பணம் தருவதாகச் சொன்னது இன்னும் செல்லுமா?